பாடு முடிஞ்ச பேங்கு

என் நாத்தனாருக்கு நான் ஒரு நன்றி சொல்லணும். நேர்ல போய் சொன்னேன்னு வைங்க, "இன்னா அண்ணி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பாப்பா. அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

அவ என் புருஷனுக்கு நேர் தங்கச்சி. அவ வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவரு. நான் கல்யாணம் ஆகி இந்தக் குப்பத்துக்கு வந்த நாள்லேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குழம்புல கூட ஒத்துப்போனது கிடையாது. நான் புளி தூக்கலா வைப்பேன். "மீன் ஒரு தடவை செத்தது பத்தாதா அண்ணி?"ன்னு கேப்பா. அவ புருஷன் வேற துறைமுகத்துல பெரிய போட்டுல வேலை பாக்குறாரு, வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்தா அதிகம். இவ காலையில ஏரிக்கரையில எறாவும் நண்டும் எடுத்து, பழவேற்காடு மார்க்கெட்ல வித்துட்டு, மத்தியானம் வெறும் கூடையோட திரும்புவா. ஒரே பொண்ணு.

அவகிட்ட ஒரு கெட்ட பழக்கம். நான் அதை கெட்ட பழக்கம்னுதான் சொல்லுவேன். யாரு இன்னா கேட்டாலும் குடுத்துடுவா. 'இல்ல'ன்ற வார்த்தையே அவ வாயில வராது. ஒரு நாள் அடுப்புல சோறு வெந்துக்கினு இருக்குது, பக்கத்துத் தெருக்காரி வந்து "கேஸ் தீந்துபோச்சுக்கா"ன்னா. அப்படியே அடுப்பை அணைச்சுட்டு சிலிண்டரைக் கழட்டிக் குடுத்தா. பாதி வெந்த சோத்தை எங்க வூட்டுல கொண்டாந்து வேக வச்சா. நகை இருந்தா கேக்கவே வேணாம். எங்க ஊர்ப் பக்கம் கல்யாணம்னா நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல. இவளோட ரெட்டை வடச் சங்கிலி ஊர்ல பாதிப் பொண்ணுங்க கழுத்தைப் பாத்துட்டுது. கடைசியில அது ஒரு வடமா திரும்பி வந்துச்சு. "எங்கியோ அறுந்துபோச்சாம், பாவம்"ன்னா. யாரு பாவம்? கேட்டா சிரிப்பா.

அவ பொண்ணுக்கு நர்ஸ் ஆவணும்னு ஆசை. சின்னதா இருந்தப்ப, அவ அம்மா கையில கெளுத்தி முள்ளு ஏறி கை முருங்கைக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா பேசிக்கினே, சிரிச்சுக்கினே, அதை எடுத்துட்டாங்க. இந்தப் பொண்ணு வாயைப் பொளந்து பாத்துக்கினு நின்னுது. அன்னிலேர்ந்து அதே பேச்சு. நைனா போன்ல கூப்பிட்டா கூட, "நைனா, நான் நர்சுக்குப் படிக்கணும், பணம் சேத்து வை"ன்னுதான் ஆரம்பிக்கும்.

பணம் சேக்கறதுன்னா எப்படி? அவ அம்மா கையில இருந்தா அது பணம் இல்ல, தண்ணி. அங்கதான் நான் மூளையை விட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மகளிர் குழுவுக்குத் தலைவி. பொன்னேரி பேங்குக்கு மாசம் ரெண்டு தடவை போய் வர்றவ. அந்த பேங்குல தங்கக் காசு வித்தாங்க. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு அட்டையில வச்சு மேல பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருப்பாங்க. பிரிச்சா தெரிஞ்சிடும். "காசா வாங்கு"ன்னேன் நாத்தனார்கிட்ட. "நகைன்னா இரவல் கேப்பாளுங்க. அட்டையில ஒட்டின தங்கத்தை எவ கழுத்துல மாட்டிக்கினு கல்யாணத்துக்குப் போவா?"

அவளே கை தட்டிச் சிரிச்சா. "அண்ணி, உனக்கு வாய் மட்டும்தான்னு நெனைச்சேன், மண்டையும் கீது"ன்னா. அதுதான் அவ எனக்குக் குடுத்த முதல் சர்ட்டிபிகேட்டு.

வருஷா வருஷம் எறா சீசன் முடிஞ்சதும் பணத்தை என் கையில குடுப்பா. நான் பஸ் ஏறி, திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரி போய் ஒரு காசு வாங்கியாருவேன். அவ வூட்டுல வைக்கக்கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். என் வூட்டு அரிசி டிரம்முக்குள்ள, ஒரு பால்பவுடர் டப்பாவுல. அஞ்சு வருஷம், அஞ்சு காசு. ஒரு தடவை கூட "எடு அண்ணி, பாக்கணும்"னு கேட்டது இல்ல.

பொண்ணு பன்னெண்டாவது படிக்கிற வருஷம் ஆறாவது காசுக்குப் போனேன். பேங்கு வாசல்ல தங்கக் காசு விளம்பரப் பலகை ஒண்ணு நிக்கும். அதைக் காணோம். உள்ளே போய் கேட்டா, கவுண்டர்ல இருந்தவரு தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் நிறுத்தியாச்சும்மா. மேல இருந்து ஆர்டர்"னு சொன்னாரு.

"ஏன் சார்?"

"ஆர்டர்மா."

"சரி, எங்கிட்ட இருக்கிறதையாவது திருப்பி எடுத்துக்குவீங்களா?"

"நாங்க விக்கறதோட சரி. எப்பவுமே வாங்கினது கிடையாது."

வித்தவனே வாங்க மாட்டேன்றான், இப்ப விக்கவும் மாட்டேன்றான், அப்ப இன்னா அர்த்தம்? அஞ்சு வருஷமா வாங்கிக்கினு இருந்தவளுக்கு, எப்பவுமே திருப்பி வாங்க மாட்டாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியுது பாருங்க. தலைவியாம் தலைவி.

ஊருக்கு வந்தா அங்க போன்ல வேற ஒரு வீடியோ சுத்திக்கினு இருக்குது. வெளிநாட்டுல பெரிய பெரிய பேங்குங்க எல்லாம் தங்கம் வெள்ளி யாவாரத்தை விட்டு விலகுறாங்களாம், இன்னாமோ நடக்கப்போவுதாம், உஷாரா இருங்கன்னு ஒருத்தரு மூச்சு விடாம பேசுறாரு. டீக்கடையில அவனவன் ஒரு கதை. ஒருத்தன் தங்கம் பாதி விலைக்கு வந்துடும்ன்றான். இன்னொருத்தன், பழைய நோட்டு செல்லாதுன்னாங்களே, அது மாதிரி தங்கமும் செல்லாதுன்னு சொல்லப்போறாங்கன்றான். அந்த நோட்டுச் சமயத்துல வெயில்ல வரிசையில நின்னு மயக்கம் போட்டு விழுந்தவ நான். எனக்கு அந்த வார்த்தை ஒண்ணு போதாதா?

என் புருஷன் சாயங்காலம் வலையைக் காயப்போட்டுக்கினே ஒண்ணு சொன்னாரு. எங்க ஊருக்குக் கடலும் உண்டு, ஏரியும் உண்டு. அவரு கடல்காரரு. கடல்ல ஒரு பழக்கம். முன்னால போன பெரிய படகு வலையை இறக்காம மூக்கைத் திருப்பிக்கினு வந்தா, பின்னால போற சின்னப் படகுக்காரன் காரணம் கேக்கமாட்டான். அவனும் திருப்பிடுவான். கேட்டுக்கினு நின்னவன் காத்துல மாட்டுவான். "பேங்குதான் பெரிய படகு. அவனே திரும்பிட்டான்"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. விக்கச் சொல்லி அவரு சொல்லல, அந்தப் பழியை அவரு மேல போட மாட்டேன்.

மறுநாள் காலையில பால்பவுடர் டப்பாவை எடுத்துப் பைக்குள்ள வச்சுக்கினு பொன்னேரிக்குக் கிளம்பிட்டேன். நாத்தனார்கிட்ட கேக்கல. கேக்கணும்னே தோணல. எதைக் கேட்டாலும் தலையாட்டுறவ. அவகிட்ட கேக்குறதும் ஒண்ணுதான், கேக்காததும் ஒண்ணுதான்னு நெனைச்சேன். அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதுன்னு சொல்லுவாங்க. என் கை மட்டும் அடுத்தவ டப்பாவுக்குள்ள நல்லாவே நுழைஞ்சுது.

நகைக்கடையில அந்த ஆளு கத்திரிக்கோலை எடுத்து அட்டையை வெட்டினாரு. அஞ்சு வருஷம் யாரு கண்ணும் படாத காசு மேஜை மேல டங்குன்னு விழுந்துச்சு. உரசிப் பாத்தாரு, எடை போட்டாரு, கழிவுன்னு கொஞ்சம் பிடிச்சாரு. ரெண்டு காசு ஆச்சு. "ரொக்கமா இவ்ளோதாம்மா தர முடியும். மீதி மூணுக்கு உங்க பேங்கு கணக்குல போட்டுடறேன்"ன்னாரு. நல்ல கதையா இருக்குதே! பேங்கையே நம்ப முடியலன்னு ஓடியாந்தவளுக்கு பேங்கு கணக்கா? வேணாம்னு சொல்லிட்டு மூணு அட்டையையும் பிடுங்கிக்கினு வந்துட்டேன். அந்தக் கூறுகெட்ட சந்தேகம்தான் மூணைக் காப்பாத்துச்சு.

பஸ்ல வரும்போது எனக்கு ஒரே பெருமை. ஊரு முழுக்க முழிச்சுக்கினு நிக்கும், என் நாத்தனார் பணம் மட்டும் பத்திரமா இருக்கும்னு. நேரா அவகிட்ட போனேன். வாசல்ல உக்காந்து எறா உரிச்சுக்கினு இருந்தா. ஆறாவது காசுக்கு வச்சிருந்த பணத்தையும் சேத்து, ரூபாக் கட்டை அவ மடியில வச்சேன். "உன்னைக் காப்பாத்திட்டேன்"ன்னு எல்லாத்தையும் சொன்னேன்.

அவ கத்தல. கையைக் கழுவினா. பொடவையில தொடைச்சா. அப்பால அந்தக் கையை நீட்டினா.

"மீதி மூணு எங்க?"

இத்தனை வருஷத்துல அவ கை நீட்டி ஒண்ணு கேட்டு அன்னிக்குத்தான் பாக்குறேன். குடுத்தேன். மூணு அட்டையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"பேங்கு விலகிடுச்சுன்னா வித்தே?"

"பெரிய படகு திரும்பினா…"

"கடலுக்கு ஒரு சட்டம், ஏரிக்கு ஒரு சட்டம் அண்ணி. ஏரியில பாடு முடிஞ்சவன் வலையைச் சுருட்டிக்கினு போறானே, எறா தீந்துபோச்சுன்னா போறான்? அவன் முறை முடிஞ்சுது, போறான். எறா அங்கதான் துள்ளிக்கினு கீது. மறுநாள் அடுத்த ஊர்க்காரன் வந்து அதே எடத்துல அள்ளுறான். பேங்குக்காரனுக்குப் பாடு முடிஞ்சுது. அதுக்கு என் தங்கம் இன்னா பண்ணும்?"

பாடுன்னா எங்க ஏரியில காலங்காலமா இருக்கிற முறை. நல்ல எடத்துல யாரு வேணா வலை கட்டிட முடியாது. இன்னிக்கு இந்த ஊரு, நாளைக்கு அந்த ஊருன்னு சுத்தி வரும். எங்க ஊர்ல பொறந்த குழந்தைக்குக் கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா ஒருத்தி சரியா சொல்லிட்டான்னதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. "மூணாங்கிளாஸ் படிச்சவ, பேங்கு படியை மிதிக்காதவ, எனக்கு நீ பேங்கைப் பத்தி பாடம் எடுக்கிறியா? உனக்கு நல்லது பண்ண வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினேன்.

அவ மெதுவாத்தான் சொன்னா. "ஊர்ல எல்லாரும் கேட்டு வாங்கினாங்க அண்ணி, குடுத்தேன். நீ ஒருத்திதான் கேக்காம எடுத்தே."

எழுந்து உள்ள போய்ட்டா. அன்னிக்கு ராவு எனக்குச் சோறு இறங்கல.

அதுக்கப்பறம் அவ எங்கிட்ட பேசல. சண்டை போட்டிருந்தா தாங்கிக்குவேன், எங்களுக்குப் புதுசா அது? சுவருக்கு அந்தப் பக்கம் அவ பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்கும். குழம்பு வாசனை வரும். "புளி ஜாஸ்தி"ன்னு சொல்ல ஒரு ஆளு இல்லாம என் குழம்பு எனக்கே பிடிக்கல. இதுல தங்க விலை வேற. பாதியாவும்னு சொன்னது நாளுக்கு நாள் ஏறிக்கினே போவுது. டீக்கடை டிவியில விலை சொல்லும்போதெல்லாம் எனக்கு யாரோ செருப்பால அடிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்.

ஒரு நாள் குழு வேலையா பேங்குக்குப் போனப்ப, கவுண்டர்ல கூட்டம் இல்ல. அதே ஆளுகிட்ட, "நெஜமா சொல்லுங்க சார், காசு விக்கறதை ஏன் நிறுத்தினீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாரு. "வாங்கி வச்சு, காபந்து பண்ணி, வித்து, அதுல எங்களுக்குக் கட்டுப்படியாவல போலம்மா. தங்கத்துக்கு ஒண்ணும் ஆவல"ன்னாரு. மூணாங்கிளாஸ்காரி வாசல்ல உக்காந்து எறா உரிச்சுக்கினே சொன்னதைத்தான் அவரு பேன் காத்துல உக்காந்துக்கினு சொன்னாரு. வெளிநாட்டு பேங்குங்க ஏன் விலகினாங்கன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அது வேற எதுக்காவது அறிகுறியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க.

பரீட்சை ரிசல்ட்டு வந்துச்சு. பொண்ணு நல்ல மார்க்கு. நர்சிங் காலேஜ்ல சீட்டும் வந்துடுச்சு. ஒரு வாரத்துக்குள்ள பணம் கட்டணும், இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்.

அன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணு என் வூட்டு வாசல்ல வந்து நின்னுது. மூஞ்சி வீங்கியிருந்துச்சு. "அத்தை, அம்மாகிட்ட மூணு காசுதான் இருக்குது. அந்த ரொக்கம் இல்ல"ன்னுது. நான் வித்துக் குடுத்தேனே, அந்த ரூபா. ஒருத்தி வலை வாங்கணும்னு கேட்டாளாம். இன்னொருத்தி மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவுன்னு அழுதாளாம். போச்சு. அவங்களைப் போய் இப்ப கேட்டா, "சீசன் வரட்டும்"ன்றாங்க.

எனக்குக் கோவம் வரல. முதல் தடவையா வரல. எதுக்குத் தங்கத்தை அட்டைக்குள்ள ஒட்டி வச்சேனோ, அந்த அட்டையை வெட்டினதே நான்தான். அவ குணம் தெரிஞ்சும் ரொக்கத்தை அவ மடியில கொண்டு போய் கொட்டினதும் நான்தான். அந்தப் பொண்ணோட படிப்பு என் கையாலதான் நழுவுது.

காதுல கை வச்சேன். ரெட்டைக்கல் கம்மல், எங்க நைனா போட்டது. கழட்டினேன். ஒரு பக்கம் திருகு இறுகிப்போய் வரவே இல்ல, எண்ணெய் போட்டுக் கழட்டினேன். ஓட்டை தூந்துபோவாம இருக்க ரெண்டு வேப்பங்குச்சியைச் சொருகிக்கினு, சுவரைச் சுத்தி அவ வூட்டுக்குப் போனேன்.

அவ என் காதைப் பாத்தா. அப்பால என் கையைப் பாத்தா. "வேணாம் அண்ணி. எடுத்துக்கினு போ"ன்னா. பேசாம இருந்தவ பேசின முதல் வார்த்தை. 'இல்ல'ன்னு சொல்லத் தெரியாதவ எனக்கு மட்டும் சொன்னா.

என்னென்னவோ பேசணும்னு நெனைச்சுக்கினு போனேன். வந்தது இவ்ளோதான். "அன்னிக்குக் கேக்கல. தப்புதான். இன்னிக்குக் கேக்குறேன்டி. இதை வாங்கிக்க"ன்னேன்.

அவ கண்ணைத் தொடைச்சுக்கினு, "பாவி, எங்க அடிக்கணும்னு தெரிஞ்சு அடிக்கிறா பாரு. கேட்டா இல்லன்னு சொல்ல எனக்கு வராதே"ன்னு கையை நீட்டினா.

மறுநாள் ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஏறினோம். அதே கடை, அதே கத்திரிக்கோலு, மீதி மூணு அட்டையையும் வெட்டினாரு. விலை ஏறினதுல கம்மலுக்கு நான் நெனைச்சதை விட நல்லாவே கிடைச்சுது. இத்தனை நாளா என்னைச் செருப்பால அடிச்ச அதே விலை அன்னிக்குக் கை குடுத்துச்சு. சீட்டுக்குப் பணம் கட்டியாச்சு. திரும்பி வரும்போது பஸ்ல என் தோள் மேல சாஞ்சு தூங்கினா. வாயைப் பொளந்துக்கினு கொறட்டை வேற. நான் அசையவே இல்ல.

மாசக்கணக்கா குச்சியோடதான் திரிஞ்சேன். "இன்னாடி, தலைவி காது மூளியா கீது?"ன்னு தண்ணிக் குழாய்கிட்ட கேட்டாளுங்க. "காது குத்திப் பழகுறேன்டி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொண்ணு இப்ப ரெண்டாவது வருஷம். லீவுக்கு வந்தா என் கையில ரத்த அழுத்தம் பாக்குது. "அத்தை, கோவத்தைக் குறைச்சுக்க"ன்னு டாக்டர் மாதிரி சொல்லுது.

இந்த வருஷம் எறா சீசன் முடிஞ்ச மறுநாள், என் நாத்தனார் வந்தா. கையில ஒரு சின்ன டப்பா. தொறந்தா உள்ள ஒரு மோதிரம். பேங்குல காசு இல்லன்னதும், அவளே பழவேற்காட்டுல கடைக்குப் போய் வாங்கியிருக்கா.

"வச்சிரு அண்ணி"ன்னா.

"எங்கிட்டயா? மோதிரம்னா எவளாவது கேப்பாளே?"

"உங்கிட்டதானே வந்து கேக்கணும்? உன் வாய்க்கு பயந்துக்கினு எவ வருவா?"

"சரி. நான் வித்துட்டா?"

அவ ஏற்கெனவே வாசப்படியில இறங்கிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

"வித்துக்க. கேட்டுட்டு வித்துக்க"ன்னு சொல்லிக்கினே போனா.